விளக்குச் சுவாமியாருக்கு ஒரு பூசை

டான்டினோங், மெல்பேர்ண்
6 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் என்னுடைய ரெலிபோனை எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அத்தானின் செத்தவீட்டுப் பூசைக்கு நான் மாதா கோயிலுக்குள் வராமல் கார் நிறுத்துமிடத்தில் நின்றதற்கு இன்னும் கோபம் என்று தெரியும். எனக்குப் பிணக்கு கடவுளோடுதான், அத்தானோடு இல்லை. அதை இன்றைக்கு விடுவோம். ஒரு விஷயம் சொல்லவேண்டும், அதனால்தான் பேனை எடுத்தேன்.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஸ்ரீகாந்த் என்னைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். சென்னைப் பெடியன், கம்பியூட்டர் வேலை, பழைய படப் பைத்தியம். நகரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் ஹார்லன் மெரிக் என்ற அந்தக் காலத்து அமெரிக்க நடிகரின் படங்களை வரிசையாகப் போடுகிறார்கள். எனக்குப் பெயர் புதிது. கறுப்பு வெள்ளைப் படம். கடற்கரை மடத்தில் ஒரு துறவி. புயல் நேரம் கரையில் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார், வள்ளங்கள் வழி தெரிந்து வரட்டும் என்று.

அக்கா, அது எங்கள் விளக்குச் சுவாமியார்.

சாயல் என்று நினைக்கவேண்டாம். அப்பா யாழ்ப்பாணத்துக்குக் கருவாடு கொண்டு போன நேரம், படக்கொட்டகைக்குப் பக்கத்துக் கண்ணாடிக்கடையில் சட்டம் போட்டு வாங்கிவந்த அதே படம். அதே விளக்கு, அதே சரிந்த இடது கண்ணிமை. கடைக்காரன் சுவாமி படம் என்றான், அப்பா நம்பினார். அப்பா நம்பினால் வீட்டில் மறுபேச்சு ஏது. பேசாலையில் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்ததும், இப்போது டூங்கபியில் உங்கள் வீட்டில் இருப்பதும் ஒரு நடிகரின் படம்.

நான் கோயிலை விட்டு எவ்வளவு காலம். ஆனால் திரையில் அவர் விளக்கைத் தூக்கியபோது என் இரண்டு கையும் தானாகக் கூம்பிவிட்டது. ஸ்ரீகாந்த் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, தெரிஞ்சவரா?" என்றான். "ஓம், ஊர் ஆள்" என்றேன். வேறு என்ன சொல்ல.

அடுத்த படத்தில் அதே மனிதர் ஒரு வங்கிக்குள் துவக்கோடு புகுந்து காசாளரைச் சுட்டார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. உங்களுக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

தம்பி
ஜெயசிங்கம்

*

டூங்கபி, சிட்னி
17 மே 2024

தம்பி சிங்கம்,

உன் கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

உனக்கு இதைச் சொல்ல வேறு நேரம் கிடைக்கவில்லையா? மகள் லிண்டாவுக்கு வயிற்றில் ஐந்து மாதம். முன்பு இரண்டு முறை பிள்ளை தங்காமல் போனது உனக்குத் தெரியும். இந்த முறை நான் விளக்குச் சுவாமியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். பிள்ளை உயிரோடு என் கைக்கு வந்தால் அவர் பெயரில் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்து, வந்த சனத்துக்கெல்லாம் சாப்பாடு கொடுப்பேன் என்று. நேர்த்தி பாதியில் நிற்கும்போது வந்து அவர் நடிகன் என்கிறாய்.

சண்டை நேரம் மடுக் கோயில் வளவில் இடம்பெயர்ந்து கிடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். லிண்டா கைக்குழந்தை, மலேரியாக் காய்ச்சல், மருந்து இல்லை. மரத்தடியில் இந்தப் படத்தை வைத்துவிட்டுத்தான் அழுதேன். விடியப் பிள்ளை பால் குடித்தாள். நீயும் பக்கத்தில்தானே நின்றாய்? அது ஒரு சினிமாக்காரன் செய்த வேலையா?

எனக்கு ஒரு யோசனை. அப்படி ஒரு புனிதர் உண்மையாகவே இருந்து, அவருடைய கதையை இந்த மனிதர் நடித்திருக்கலாம். நாடகத்தில் யேசுவாக நடிக்கிறவருக்குத் தாடி ஒட்டுவதில்லையா, அதுபோல. வடிவாக விசாரித்து எழுது. அவசரப்பட்டு எழுதுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு.

இங்கே செபக்கூட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் நான் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஹோம்புஷில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற கல்யாணசுந்தரம் வாராவாரம் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போகிற மனிதர். அவர்கூட ஒன்று கேட்டு வாங்கி முருகனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். நீ சொல்வது சரியென்றால் நான் இத்தனை பேருக்கு எதைக் கொடுத்தேன்?

ரெலிபோன் எடுக்கமாட்டேன். எழுது.

அக்கா
அன்னமலர்

*

டான்டினோங்
27 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரித்தேன். அந்தத் துறவி கதைக்காகக் கற்பனை செய்த ஆள். அப்படி ஒரு புனிதர் இல்லை. மண்டபத்தில் படங்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் விற்றார்கள், அதில் எங்கள் படம் முழுதாக இருக்கிறது. கீழே நடிகரின் பெயரும் அச்சிட்டிருக்கிறது. எங்கள் வீட்டுப் படத்தில் அந்த இடத்தைச் சட்டம் மறைக்கிறது என்று நினைக்கிறேன். படம் ஓடும்போது கொட்டகை வாசலில் தொங்கவிடுகிற படமாக இருக்கும், ஓடி முடிந்தபிறகு எப்படியோ கண்ணாடிக்கடைக்குப் போயிருக்கும் என்பது ஸ்ரீகாந்தின் கணிப்பு.

மடுவில் நான் பக்கத்தில் நின்றேன், உண்மை. லிண்டா பால் குடித்ததையும் பார்த்தேன். அதை நான் எந்தக் கணக்கில் வைப்பது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. வாதத்தில் வென்றால் சந்தோசம் வரவேண்டும். எனக்கு வரவில்லை.

நீங்கள் அதைக் கழற்றத் தேவையில்லை. லிண்டாவுக்கு எப்படி என்று ஒரு வரி போடுங்கள்.

தம்பி
சிங்கம்

*

டூங்கபி
16 யூன் 2024

தம்பி,

சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். மருமகன் நிஷான் வேலைக்குப் போனபிறகு, மேசையில் துவாயை விரித்து, ஆணிகளைக் கத்தியால் நெம்பி எடுத்தேன். எழுத்து இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு நானே கூட்டி வாசித்தேன். ஹார்லன் மெரிக்.

படத்தை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே குப்புற வைத்துவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. நிஷான் கேட்டான், படத்துக் கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன்.

லிண்டாவை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். இரத்த அழுத்தம். பிள்ளையை நேரத்துக்கு முன்பே எடுக்கவேண்டி வரலாம் என்கிறார்கள். அவள் என் கையைப் பிடித்து, "அம்மா, சுவாமியாரிட்ட சொல்லுறீங்கள்தானே?" என்று கேட்கிறாள். ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை என்கிறேன். ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை, சிங்கம். சொல்ல முடியவில்லை. அந்தோனியாரை நினைத்துக் கண்ணை மூடினால் அவருக்குப் பின்னால் இவர் வந்து நிற்கிறார். மாதாவை நினைத்தாலும் அப்படித்தான். இவ்வளவு காலமும் ஒரே முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டேன். வேறு முகத்தைப் பார்த்து அழ எனக்குத் தெரியவில்லை.

வைத்த நேர்த்தியை மாற்றி வேறு ஒருவருக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கொடுக்காவிட்டாலும் பயமாக இருக்கிறது.

அவர் எப்படிப்பட்ட மனிதர்? குடிக்கிறவரா, கோயிலுக்குப் போனவரா, பெண்சாதி பிள்ளைகளை நல்லபடி வைத்திருந்தாரா? உனக்குத்தான் படம் பார்க்கிறதைத் தவிர வேறு வேலை இல்லையே. தேடி எழுது.

அக்கா

*

டான்டினோங்
25 யூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நூலகத்திலிருந்து அவரைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று எடுத்து வாசித்தேன். ஸ்ரீகாந்த் மிச்சப் படங்களை எங்கிருந்தோ பிடித்துத் தந்தான். இந்த மாதம் என் வீட்டில் ஹார்லன் மெரிக்கைத் தவிர வேறு விருந்தாளி இல்லை.

கோதுமை விளைகிற கன்சாஸ் பக்கத்தில் ஒரு சலூன்காரரின் மகன். தகப்பனின் கடையில் தலைமயிர் கூட்டிக்கொண்டிருந்தவர், ஊருக்கு வந்த நாடகக் கம்பனியோடு போய்விட்டார். பேசும் படம் வந்த காலத்தில் ஹொலிவூட். அந்தச் சரிந்த கண்ணிமையால் அவருக்குத் திருடன், கொலைகாரன், ஏமாற்றுக்காரன் வேடங்கள்தான் கிடைத்தன. நன்றாகச் செய்தார். அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தாலே நான் கதிரையில் நிமிர்ந்து இருந்துவிடுகிறேன்.

பிறகு அந்தத் துறவி வேடம். வேறு ஒருவர் நோயில் விழ, கடைசி நேரத்தில் இவருக்குக் கிடைத்ததாம். அதுதான் அவருடைய பெரிய படம். உலகமெல்லாம் ஓடியிருக்கிறது, யாழ்ப்பாணத்துக்கும் வந்திருக்கிறது.

நல்ல மனிதர் அக்கா. முதல் மனைவி சரிவரவில்லை, இரண்டாவது மனைவியோடு அமைதியாக வாழ்ந்தார். அளவாகக் குடித்தார். ஏழைகளுக்கு உதவினார். வயது போய், நித்திரையில் போய்ச் சேர்ந்தார்.

யோசிக்கவேண்டாம். படத்தை எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். லிண்டாவுக்கு என் அன்பு.

தம்பி

*

டூங்கபி
20 யூலை 2024

தம்பி,

போன செவ்வாய்க்கிழமை லிண்டாவுக்குப் பெண்பிள்ளை. பத்து வாரம் முந்திவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மூக்கில் குழாய், காலில் வயர், தலையில் யாரோ வெள்ளைக்காரப் பெண்மணி பின்னிய தொப்பி. என் உள்ளங்கைக்குள் அடங்கும். லிண்டா சுகம். பிள்ளையைப் பற்றி இன்னும் ஒன்றும் உறுதியாகச் சொல்கிறார்கள் இல்லை.

இனி உன் விஷயம். ஆஸ்பத்திரியில் காத்துக்கொண்டிருந்த நேரம் நிஷானிடம் உண்மையைச் சொல்லி, அந்தப் பெயரைப் போனில் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "மாமி, நாலு வைஃப்" என்றான். நீ இரண்டு என்று எழுதியிருந்தாய். குடித்துவிட்டுக் கார் ஓடி மறியலில் கம்பி எண்ணியதாகவும் வாசித்தான். உன்னை விசாரித்து எழுதச் சொன்னால் நீ எனக்கு இன்னொரு சுவாமி படம் கீறி அனுப்பியிருக்கிறாய். நான் என்ன சின்னப்பிள்ளையா?

நிஷான் போனை இன்னும் மூடவில்லை. அந்த நேரம் தாதி ஓடிவந்து, பிள்ளை மூச்சு எடுக்கக் கஷ்டப்படுகிறது என்று நிஷானை உள்ளே கூப்பிட்டாள். என்னை விடவில்லை. நடையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். வாயில் ஒரு செபமும் வரவில்லை. "நீ யாராயிருந்தாலும் சரி, நாலு பெண்சாதிக்காரனாயிருந்தாலும் சரி, பிள்ளையை விட்டிடாதே" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. எதிரே இருந்த சீனக் கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

பிள்ளை மூச்சு எடுத்துவிட்டது. நான் அப்போது யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. நீ படித்தவன், சொல்லு.

அடுத்த கடிதத்தில் உள்ளது உள்ளபடி எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

அக்கா

*

டான்டினோங்
31 யூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பெண்பிள்ளை. கடிதத்தை வாசித்துவிட்டு ஸ்ரீகாந்தைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். "தாத்தா ஆயிட்டீங்கண்ணே" என்றான். அந்தப் பெட்டிக்குள் அவள் ஒவ்வொரு மூச்சும் எடுப்பதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நாலு மனைவி, சரி. குடி, அளவில்லை. ஏழைகளுக்கு உதவியது நான் கட்டிய கதை. மறியலும் உண்மை. உங்களுக்கு அந்த நேரம் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமென்று நினைத்தேன்.

ஆனால் நான் எழுதாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்தான் விட்டேன். துறவிப் படம் வந்தபிறகு அவருக்குப் பெண்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்களாம். என் மகன் போருக்குப் போயிருக்கிறான், செபியுங்கள். என் பிள்ளைக்குக் கால் நடக்க வராது, ஆசீர்வதியுங்கள். வீட்டு வாசலில் குழந்தைகளோடு வந்து நின்றிருக்கிறார்கள். முதலில் சிரித்தார். பிறகு பின்கதவால் போய்வந்தார். ஒருநாள் ஒரு தாய் விடாமல் நிற்க, பிள்ளையின் தலையில் கையை வைத்துவிட்டு உள்ளே போய் வாந்தி எடுத்தாராம். "நான் சலூன்காரன் மகன், ஒரு பெண்சாதியைக்கூட வைத்திருக்கத் தெரியாதவன், என்னிடம் ஏன் வருகிறார்கள்?" என்று பேட்டியில் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவரால் திருடனாக நடிக்க முடியவில்லை. அவர் துவக்கைத் தூக்கினால் சனம் எழுந்து போனது. புனிதர் வேடம் இவருக்கு அலுத்துவிட்டது. தொழில் சரிந்தது. கடைசியில் தொலைக்காட்சியில் பொய்ப்பல் பசை விளம்பரத்துக்கு வந்தார். அதையும் பார்த்தேன். வாடகை அறையில் செத்தார். பிரேதத்தைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. நடிகர் சங்கம் எடுத்து எரித்தது. செபம் சொல்ல ஒரு ஃபாதரும் இல்லை, பூசையும் இல்லை.

அப்போ நாங்கள் மட்டும்தான் இந்தப் பிழையைச் செய்தவர்கள் இல்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே செய்திருக்கிறார்கள். அது ஆறுதலா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் யாரிடம் கேட்டீர்கள் என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை.

தம்பி

*

டூங்கபி
22 செப்ரெம்பர் 2024

அன்புள்ள தம்பி,

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். பெயர் அக்ஷரா என்று வைத்திருக்கிறார்கள். எந்தப் புனிதரின் பெயரென்று கேட்டேன், லிண்டா சிரித்தாள். பால் குடிக்கிறாள், கத்துகிறாள், வீடு நிறைந்துவிட்டது.

லிண்டாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். செபக்கூட்டத்திலும் சொன்னேன். ஒருத்தி அழுதாள். ஒருத்தி என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். இன்னொருத்தி, "எனக்கு இங்க நிரந்தரமா இருக்கப் பி.ஆர். வந்தது இவராலதான் அன்ரி, நான் கழற்றமாட்டன்" என்றாள். கல்யாணசுந்தரத்திடம் சொன்னால், "அதனால என்னம்மா, கடைக்கு வர்றவங்க யாரும் அவரைப் பத்தித் தப்பா பேசல. இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான்தான் நடுவில் நிற்கிறேன்.

ஆனால் நேர்த்தி நேர்த்திதான். பிள்ளை என் கைக்கு வந்துவிட்டாள். தமிழ்ப் பூசை வைக்கிற ஃபாதரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்காமல் கேட்டார், அதற்கு அவர் நன்றாயிருக்கவேண்டும். "அவர் பேரில பூசை வைக்க ஏலாதம்மா, அவர் புனிதர் இல்லை. அந்தோனியார் பேரில வைப்பம்" என்றார். நான் அந்தோனியாரைக் கேட்கவில்லையே ஃபாதர் என்றேன்.

எழுந்து கதவுவரைக்கும் வந்துவிட்டேன். அப்போது உன் கடிதம் நினைவு வந்தது. பூசையும் இல்லை என்று எழுதியிருந்தாயே. திரும்பிப் போய்க் கேட்டேன்: "அவற்ர ஆத்துமாவுக்காக வைக்கலாமோ ஃபாதர்?" அவர் பூசை எழுதுகிற புத்தகத்தை இழுத்துத் திறந்தார். "ஆத்துமாவுக்கு ஆருக்கும் வைக்கலாம்" என்றார்.

சிங்கம், எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. இவ்வளவு காலமும் அது வேண்டும் இது வேண்டும் என்று அவரைப் பிய்த்து எடுத்தேன். அந்த மனிதர் மோட்ச வாசல் திறக்காமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தனக்காகச் செபிக்க ஒரு நாதியில்லாமல் நிற்கிறாரோ என்னவோ. ஒருநாள்கூட நான் அவருக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லவில்லை. புனிதருக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஒக்டோபர் முதல் ஞாயிறு பூசை. பிறகு மண்டபத்தில் சாப்பாடு, கல்யாணசுந்தரம் சமைக்கிறார். ஃபாதர் பெயரை வாசிப்பார். சலூன்காரர் மகன் ஹார்லன் மெரிக் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். செத்தவரின் குடும்பம் முன்வரிசை வாங்கில் இருக்கவேண்டும், ஆர் இருக்கினம் என்று ஃபாதர் கேட்டார். நான் நேர்த்திக்காரி, குடும்பம் இல்லையே.

அவரைக் கும்பிடலாமா கூடாதா என்பது எனக்கு இன்னும் குழப்பம்தான். படம் இன்னும் அலுமாரிக்குள்தான் இருக்கிறது. இப்போது நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

அக்கா
அன்னமலர்

*

டான்டினோங்
28 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பூசைக்கு முதல்நாள் சனிக்கிழமை காலை விமானத்தில் சிட்னிக்கு வருகிறேன். நிஷானை அனுப்பவேண்டாம், பிள்ளையோடு இருக்கட்டும். ரயில் பிடித்து டூங்கபிக்கு வந்துவிடுவேன். அக்ஷராவைத் தூக்குவதற்கு முன் கை கழுவவேண்டும் என்பதெல்லாம் ஸ்ரீகாந்த் சொல்லித் தந்துவிட்டான்.

எனக்கு நம்பிக்கை திரும்பி வந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வரவில்லை. நற்கருணை வாங்கமாட்டேன், முழந்தாளில் நிற்பேனா என்பதும் தெரியாது. உங்களுக்காக வருகிறேனா, அவருக்காக வருகிறேனா என்று கேட்டால் அதுவும் தெரியாது.

ஆனால் ஃபாதரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். முன்வாங்கு வெறுமையாக இருக்கவேண்டாம். பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, செத்தவர் பக்கத்து ஆள் ஒருவர் வாசலில் நின்று கை கொடுக்கவேண்டும். அந்த மனிதரைச் சலூன் கடையிலிருந்து வாடகை அறைவரைக்கும் அறிந்தவன் அங்கே நான் ஒருவன்தான் இருப்பேன். நான் நிற்கிறேன்.

தம்பி
சிங்கம்